கல்லில் ஒரு பெயரா, இரண்டா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் – எடித்.

எடித் இங்கே மெல்பேர்னில் என் பக்கத்து வீட்டுக்காரர். எண்பதைத் தாண்டிய யூதப் பெண்மணி. புடாபெஸ்ட் நகரில் பிறந்து, இரண்டாம் உலகப் போரின்போது சிறுமியாக ஒரு நிலக்கரிக் கிடங்கில் ஒளித்து வைக்கப்பட்டுப் பிழைத்தவர். அன்று கைகளில் தோட்டக் கையுறை. கால்களில் யாருடையதோ பெரிய சப்பாத்து. ஆங்கிலத்தில்தான் பேசுவோம், வாசகர் வசதிக்காகத் தமிழில் தருகிறேன்.

"புரொஃபசர், கல் வெட்டுகிறவன் கேட்கிறான். ஒரு பெயரா, இரண்டு பெயரா?"

"யோசிக்கிறேன்," என்றேன்.

"பல்கலைக்கழகத்திலும் இப்படித்தான் மார்க் போட்டீர்களா? பாவம் அந்தப் பிள்ளைகள். வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள்."

போய்விட்டார். நான் கதவைப் பிடித்தபடி சிறிது நேரம் நின்றேன்.

என் மனைவி தவமணி காலமான செய்தி இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். அனுதாபம் தெரிவித்து எழுதிய அனைவருக்கும் பதில் எழுத இயலவில்லை; பொறுத்தருள வேண்டும். 'ஐயா, உங்கள் எழுத்தில் இப்போது பகிடி குறைந்துவிட்டது' என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு மட்டும் பதில் எழுதினேன். 'உண்மை' என்று.

எடித் கேட்ட ஒரு பெயர், என் மனைவியினுடையது. அதில் சிக்கல் இல்லை.

இரண்டாவது பெயர் என் மகனுடையது. சிக்கல் என்னவென்றால்... அவன் இறந்துவிட்டான் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

முதலில் அந்தத் தோட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவின் முடிவில் யூத முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறது. அதன் பின்புறத்தில், கார் பார்க்குக்கும் சமையலறைக்கும் நடுவே, ஒரு நினைவுத் தோட்டம். ரோஜாப் பாத்திகளின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சற்றுப் பெரிய தட்டைக் கற்களை மண்ணோடு மண்ணாகப் பதித்திருப்பார்கள். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பெயர். ஹோலோகாஸ்ட் என்று உலகம் அழைக்கும் அந்தப் பேரழிவில் நாஜிகள் கொன்றொழித்தவர்களின் பெயர்கள். அவர்களுக்குக் கல்லறை கிடையாது. சாம்பல் எந்த ஆற்றில் போனது என்பதுகூடத் தெரியாது. ஆகவே இங்கே, பூமியின் மறுமுனையில், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒரு சாண் மண்ணை அவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்.

அவர்களுக்குப் பக்கத்திலேயே, பிழைத்து இங்கே வந்து, முதுமையில் கட்டிலில் படுத்து இறந்த மனைவிமாரும் கணவன்மாரும். மண் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் ஒரே பாத்தியில்.

பெரிய பயபக்தியான இடம் என்று எண்ணிவிட வேண்டாம். பதினொரு மணிக்கு மேல் கோழி சூப் வாசனை வரும். சலவை இயந்திரம் உறுமும். பூக்கள் வைக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. வருகிறவர்கள் ஒரு கூழாங்கல்லை எடுத்துப் பெயரின்மேல் வைத்துவிட்டுப் போவார்கள். 'வந்தேன்' என்பதற்கு அடையாளம். பூ வாடிவிடும், கல் வாடாது என்று காரணம் சொல்வார்கள்.

அந்த இல்லத்தில்தான் தவமணி வேலை செய்தார். யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவர். இங்கே வந்தபின் முதியவர்களைக் குளிப்பாட்டி, உணவூட்டி, கட்டில் விரிப்பு மாற்றினார். ஓய்வு பெறும்வரை அதே இல்லம்தான். அவர் காலமானதும், தோட்டத்தில் அவருக்கு ஒரு கல் பதிக்க வேண்டும் என்று எடித் பிரேரித்தார். தோட்டக் கமிட்டியில் ஒருவர் தயங்கினாராம். இது நம்முடைய ஆட்களுக்கான இடமாயிற்றே என்று.

எடித் அவருக்குச் சொன்ன பதிலைப் பிறகு இன்னொருவர் வாயிலாக அறிந்தேன்.

"இந்தத் தோட்டத்தில் கிடக்கிற பாதிப் பேரைக் குளிப்பாட்டியவள் தவா. நம்முடைய ஆள் இல்லையென்றால் வேறு யாருடைய ஆள்?"

கமிட்டி இணங்கியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். எடித் நிறுத்தவில்லை. "அவர்களுடைய மகனும் இருக்கிறான்," என்று சொல்லியிருக்கிறார். "அவனுக்கும் கல்லறை இல்லை."

எடித்தின் தாயாரைக் கடைசிக் காலத்தில் பராமரித்தவரும் தவமணிதான். அந்த மூதாட்டியின் கணவரைப் போரின்போது கட்டாய உழைப்புப் படையில் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. எப்படி, எங்கே, எப்போது – ஒன்றும் தெரியாது. அந்த அம்மா மெல்பேர்னுக்கு வந்து, தையல் தைத்து, மகளைப் படிக்கவைத்து, முதுமையடைந்து முதியோர் இல்லத்துக்கும் வந்துவிட்டார். ஆனால் ஒவ்வொரு வருடமும் புதிய தொலைபேசி டிரெக்டரி வந்ததும் அதில் தன்னுடைய பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முழுப்பெயர், ஓர் எழுத்தும் குறையாமல். கண் மங்கிய பிறகு, உருப்பெருக்கிக் கண்ணாடியோடு பக்கத்தில் இருந்து தேடி, விரலை வைத்துக் காட்ட வேண்டியது தவமணியின் வேலை.

ஏன்? கணவர் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தபாற் கந்தோருக்குப் போய் டிரெக்டரியைத்தான் புரட்டுவாராம். தெருவில் யாரிடமும் வழி கேட்காத மனிதராம்.

ஒரு மாலை, குசினியில் வெங்காயம் வதக்கியபடி தவமணி இதை எனக்குச் சொன்னார்.

"பாவம் மனுசி. எத்தினை வருசம் போட்டுது. செத்துப்போனார் எண்டு ஒத்துக்கொண்டால் நிம்மதியாய் இருக்கலாமெல்லோ? மகள்காரி படிச்சவதானே, எடுத்துச் சொல்லக்கூடாதோ?"

நான் தலையாட்டினேன். இருவரும் படித்தவர்கள் அல்லவா? படித்தவர்களுக்கு மற்றவர்களின் துக்கம் மிகத் தெளிவாக விளங்கும்.

அப்போது எங்கள் மகன் பிரதீபன் பக்கத்து அறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான்.

அவன் பொறியியல் முடித்தான். வேலையும் கிடைத்தது. சுனாமிக்குப் பிறகு வன்னிக்குப் போய்க் குழாய்க்கிணறு அமைக்கும் பணியில் சேர்ந்தான். ஆறு மாதம் என்று சொல்லிவிட்டுப் போனவன். நிலத்தடி நீர் நான் ஆயுள் முழுவதும் படிப்பித்த துறை. ஆகவே அவன் போனதில் எனக்கு ஒரு சிறு பெருமை இருந்தது. மறைக்க விரும்பவில்லை. ஆறு மாதம் ஆண்டுகளாயிற்று. பிறகு பாதை மூடியது. பிறகு போர். பிறகு... உங்களுக்குத் தெரிந்ததுதான்.

போர் முடிந்து நெடுநாளாகியும் செய்தி இல்லை. அப்போது, முகாமிலிருந்து வெளியேறி சிட்னிக்கு வந்து சேர்ந்த ஓர் இளந்தாய் அவனைக் கடைசியாகக் கண்டதாக அறிந்தோம். ஸ்ட்ராத்ஃபீல்டில் இருந்தார். நானும் தவமணியும் காரில் போனோம். அந்தப் பெண் எங்களைக் கதிரையில் இருத்தி, தேநீர் தந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"ஆமிக்காரர் எங்களைக் கடந்து வரவிட்ட இடத்திலை அண்ணையைப் புறம்பாக்கி பஸ்ஸிலை ஏறச் சொன்னவங்கள், அன்ரி. ஏறுறதுக்கு முதல் கையிலை இருந்த தண்ணிப் போத்திலை என்னட்டைத் தந்தவர். 'கைப்பிள்ளை இருக்கெல்லோ, நீங்கள் வைச்சிருங்கோ' எண்டு."

தவமணி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"போத்திலிலை தண்ணி இருந்ததோ?"

"ஓம் அன்ரி. முக்காவாசி இருந்தது."

திரும்பி வருகிற நெடுஞ்சாலையில் சிட்னியைத் தாண்டினோம். பிறகு தவமணி தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்.

"போற இடத்திலை தண்ணி இருக்குமெண்டு தெரிஞ்சபடியால்தான் குடுத்தவன்."

நான் காரைச் செலுத்திக்கொண்டிருந்தேன். போகிற இடத்தில் தண்ணீர் தேவைப்படாது என்று தெரிந்தவனும் போத்தலைக் கொடுப்பான். அதைச் சொல்லவில்லை. ஒரே சான்று – இரண்டு முடிவுகள். வகுப்பறையில் நான் ஆண்டுதோறும் விளக்கிய ஒன்றுதான்.

சில ஆண்டுகள் கழித்து ஒரேயொரு தடவை சொன்னேன். மெதுவாகத்தான். தவமணி கோபப்படவில்லை.

"உங்கடை விஞ்ஞானத்தைக் கிணத்துத் தண்ணியோடை வைச்சிருங்கோ. என்ரை பிள்ளையிட்டைக் கொண்டு வராதேங்கோ."

அதன்பின் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை. திவசம் இல்லை. சுவரில் அவன் படத்துக்கு மாலை இல்லை. உறவினர் எவராவது 'ஆடி அமாவாசைக்காவது...' என்று தொடங்கினால், தவமணி எழுந்து தேநீர் ஊற்றப் போய்விடுவார். 'எடித்தின்ரை தாய் சரியாய்த்தான் செய்திருக்கிறா,' என்று ஒருநாள் சொன்னார். நான் அவருடைய நம்பிக்கைக்குக் குறுக்கே நிற்கவில்லை. நானும் நம்புகிறவன்போலவே நடந்துகொண்டேன். நீண்ட இல்லறத்தில் இது ஒன்றும் கடினமான கலை அன்று.

ஆனால் எல்லா நாடகத்துக்கும் ஒரு சோதனை வரும் அல்லவா? தவமணியின் இறுதிக் கிரியை அன்று வந்தது. மண்டபத்தில் ஏற்பாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த குருக்கள் என்னிடம் வந்தார்.

"ஐயா, மகன் எங்கை? தாய்க்குக் கொள்ளி மகன்தான் வைக்கவேணும்."

என் வாய் தானாகச் சொல்லிற்று: "வெளிநாட்டிலை."

மெல்பேர்னில் நின்றுகொண்டு வெளிநாடு என்கிறேன்! நம்முடைய சனங்களிடம் அந்தச் சொல் போதும், யாரும் வியக்கமாட்டார்கள். குருக்களும் வியக்கவில்லை. ஆனால் அவர் காலத்தோடு ஒத்துப்போகிறவர்.

"கனடாவோ? இப்ப அங்கை சாமம். பரவாயில்லை, எழுப்புங்கோ. வட்ஸ்அப் வீடியோவிலை பிடிச்சால் நான் மந்திரம் சொல்லுவன், அவர் திருப்பிச் சொன்னால் காணும். போன கிழமை நோர்வேயிலையிருந்து ஒருத்தர் செய்தவர். கிளியராய் வந்தது."

"லைன் கிடைக்காது."

"அப்பிடி என்ன இடம் ஐயா?"

நான் சவப்பெட்டியின் பக்கம் திரும்பினேன். அவரும் நேரமாகிறது என்று, தருப்பையை என்னுடைய விரலில் போட்டுவிட்டார்.

என் மகள் வாசுகி சற்றுத் தள்ளி நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று ஒன்றும் பேசவில்லை. நகரின் மேற்கு ஓரத்தில், டார்னெய்டில் இருக்கிறாள், மருந்தகம் ஒன்றில் வேலை, பேச வேண்டியதை அளந்து பேசுகிறவள். எடித் வந்துபோன ஞாயிறு மாலை நான் அவளைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோதுதான், பல ஆண்டுகளாக அளந்து வைத்திருந்ததை முழுவதுமாகக் கொட்டினாள்.

"ரெண்டு பேரையும் போடுங்கோ அப்பா."

"அம்மா விட்டிருக்க மாட்டா."

"அம்மா இல்லை அப்பா. நீங்கள் ஒருநாளும் நம்பேல்லை எண்டு எனக்குத் தெரியும். அம்மாவுக்காக நடிச்சியள். சரி. இனி ஆருக்காக நடிக்கிறியள்?"

அவளே தொடர்ந்தாள்.

"அண்ணாவுக்கு நான் இன்னும் அழேல்லை. தெரியுமோ உங்களுக்கு? அம்மாவுக்கு முன்னாலை அழேலாது. நான் அழுதால் அவன் செத்ததாய்ப் போயிடும். கலியாண வீட்டிலையும் அழேல்லை, பிள்ளை பிறக்கேக்கையும் அழேல்லை. எனக்கு அழுறதுக்கு ஒரு இடம் வேணும். ஐ ஜஸ்ட் நீட் அ பிளேஸ், அப்பா."

தொலைபேசியை வைத்த பிறகு ஒரு விசித்திரத்தைக் கவனித்தேன். என் மகள் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் சரி. பகுத்தறிவு, நீதி, கருணை – எந்தத் தராசில் வைத்தாலும் சரி. நானே ஆண்டுக்கணக்காக மனத்துக்குள் சொல்லிவந்ததும் அதுதான். அப்படியிருக்க, 'ஓம்' என்று ஒரு சொல் ஏன் என் வாயிலிருந்து வரவில்லை?

புதன்கிழமை வேலியருகில் எடித் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பிடித்தேன்.

"எடித், என் மகன் வேறொரு போரில் போனவன். உங்களுடைய இழப்பு உலக வரலாறு. அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் அவன் பெயரை வைப்பது தகுமா?"

"என்னோடு கணக்குப் போடாதீர்கள், புரொஃபசர். என் அப்பா வரலாறு இல்லை. ஒரு மனிதர். குறட்டை விடுவார்."

"அவருக்கு எப்போது கல் பதித்தீர்கள்?"

"அம்மா உயிரோடு இருந்தவரை நெருங்க முடியுமா? அம்மாவை அடக்கம் செய்த பிறகுதான்."

"இறந்த தேதி என்று எதைப் போட்டீர்கள்?"

எடித் தொட்டியை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"எங்கள் வழக்கத்தில் வருடத்துக்கு ஒருநாள் இறந்தவர்களுக்காக மெழுகுதிரி ஏற்ற வேண்டும். அதற்கு ஒரு தேதி வேண்டும். தேதி தெரியாதவர்கள் ஒன்றைத் தெரிவு செய்வார்கள். நான் அம்மா இறந்த நாளையே அப்பாவுக்கும் கொடுத்துவிட்டேன்."

"ஏன்?"

"அதுவரை அவர் சாகவில்லையே. அம்மா விடவில்லை."

நம்மிடமும் வழி இருக்கிறது. திதி தெரியாதவர்களுக்கு அமாவாசை. எல்லா மக்களும் இந்த ஒரு கேள்விக்கு எப்படியோ ஒரு பதிலைச் செய்து வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் இந்தக் கேள்வி எத்தனை பழையதாக இருக்க வேண்டும்...

நான் மெதுவாகக் கேட்டேன்: "கல் பதித்த பிறகு நிம்மதியாக இருந்ததா?"

எடித் சிரித்தார். அழகான சிரிப்பு அன்று.

"நிம்மதியா? தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் இன்றைக்கும் ஓடிப்போய் எடுக்கிறேன். அவருக்கு இப்போது நூற்றுப் பத்து வயதுக்கு மேல் இருக்கும். எனக்குக் கூட்டல் தெரியும். இருந்தும் எடுக்கிறேன். பெரும்பாலும் சோலார் பேனல் விற்கிறவர்கள்." சற்று நிறுத்திச் சொன்னார்: "அம்மா எனக்கு விட்டுப்போனது வீட்டை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

நான் நடித்துக்கொண்டிருந்தேன் என்று மகள் நம்பினாள். நானும் அப்படித்தான் நம்பினேன். உண்மையில் எங்கள் வீட்டில் வேலை பகிர்ந்து கொடுக்கப்பட்டிருந்தது. காத்திருக்கும் பொறுப்பைத் தவமணி எடுத்துக்கொண்டார். ஆகவே அறிந்திருக்கும் சொகுசு எனக்குக் கிடைத்தது. அவர் அந்தக் கதவைத் திறந்து பிடித்திருந்தபடியால்தான் நான் இந்தப் பக்கத்தில் நின்று, அது மூடிவிட்டது என்று தெளிவாகச் சொல்ல முடிந்தது. இப்போது பிடித்திருந்தவர் போய்விட்டார். கதவு என் கையில்.

விட்டால் மூடிவிடும். அவ்வளவுதான் விடயம்.

நம்பிக்கையைப் பற்றி எல்லோரும் நல்லதாகவே எழுதுகிறார்கள். நானும் இந்தப் பக்கத்தில் எழுதியிருப்பேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நம்பிக்கை ஒரு குடும்பச் சொத்து. யாரும் கேட்டு வாங்குவதில்லை. ஒருவர் போனதும் அடுத்தவர் பெயருக்கு மாறிவிடுகிறது. மறுக்க வழியில்லை, விற்கவும் வழியில்லை.

வியாழக்கிழமை எடித்திடம் சொன்னேன்: இரண்டு பெயர். என் பொருட்டு அல்ல, மகளின் பொருட்டு. அவளும் அந்தச் சொத்தை வாங்கிக்கொள்ளக் கூடாது அல்லவா? மகனின் பெயருக்குக் கீழே எந்த நாள் என்று எடித் கேட்டார். தவமணியின் நாளையே கொடுத்தேன்.

கடந்த ஞாயிறு கற்களைப் பதித்தார்கள்.

சடங்கு எதுவும் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். எடித், வாசுகி, மருமகன், இல்லத்தில் தவமணியோடு வேலை செய்த இரண்டு பெண்கள், வெயில் காய்வதற்காகக் கொண்டுவந்து விடப்பட்டிருந்த சில முதியவர்கள். சக்கர நாற்காலியில் இருந்த ஒருவர் கேட்டார்.

"யாருக்குக் கல்?"

"தவாவுக்கு," என்றார் எடித்.

"தவாவா? தவா நாளைக்கு வந்து என் காலுக்கு மருந்து போடுவாளே."

யாரும் திருத்தவில்லை. அந்தத் தோட்டத்தில் யாரும் யாரையும் அந்த விடயத்தில் திருத்துவதில்லை என்று தோன்றியது.

குனிந்து பார்த்தேன். இரண்டு சிறிய கற்கள், அருகருகே. தவமணியின் கல்லில் பிறந்த நாள், இறந்த நாள். பிரதீபனின் கல்லில் பிறந்த நாள் – அதே இறந்த நாள். கல்லின்படி என் மகன் நாற்பதைத் தாண்டியவன். தலை நரைக்கத் தொடங்கியிருப்பான். ஒருவேளை எங்களைப்போல மூக்குக்கண்ணாடியும் போட்டிருப்பான். அந்தப் பஸ்ஸுக்குப் பிறகு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அவன் வாழ்ந்திருக்கிறான். வேறெங்கும் இல்லை, அவனுடைய தாயிடம். அந்த ஆண்டுகளை நான் அவனுக்குக் கொடுத்திருக்கமாட்டேன்.

வாசுகி ஒரு கூழாங்கல்லை எடுத்தாள். அண்ணனின் பெயர்மேல் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அப்படியே மண்ணில் இருந்துவிட்டாள். பிறகு அழுதாள். என் மகளின் குரலில் அப்படி ஓர் ஒலி இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. மருமகன் நெருங்கப் போனார். எடித் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினார்.

"விடுங்கள். அவளுக்காகத்தான் இந்த இடம்."

நானும் இரண்டு கற்கள் வைத்தேன். ஏதாவது இறங்கும், ஏதாவது தளரும் என்று எதிர்பார்த்து நின்றேன். சூப் வாசனை வந்தது. சலவை இயந்திரம் சுழன்றது. எனக்குள் ஒன்றும் நிகழவில்லை. எடித் மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, 'சொன்னேன் அல்லவா' என்பதுபோலத் தலையை மெல்ல அசைத்தார்.

இங்கே இந்தப் பத்தி முடிந்திருக்க வேண்டும். முடிந்திருந்தால் நன்றாகவும் இருந்திருக்கும். ஆனால் மறுநாள் திங்கட்கிழமை உத்தரட்டாதி நட்சத்திரம்.

அது பிரதீபனின் நட்சத்திரம். அது வரும் நாள்களிலெல்லாம் தவமணி கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போய் அவன் பெயரில் அர்ச்சனை செய்விப்பார். பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்விப்பது உயிரோடு இருப்பவர்களுக்கு. சுகத்தோடு இருக்க வேண்டும் என்பதற்காக. இறந்தவர்களுக்குச் செய்வதில்லை. சைவ வீடுகளில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த ஒன்று. அந்த நாள்களில் நான் சாரதி மட்டும்தான். கார் பார்க்கில் இருந்து பத்திரிகை வாசிப்பேன்.

திங்கள் காலை மரக்கறி வாங்கப் புறப்பட்டேன். கேரம் டவுன்ஸில் காரை நிறுத்தினேன்.

வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தாய், பரீட்சை எழுதப்போகும் மகளின் பெயரைச் சொன்னார். அதற்கு முன்னால் ஒருவர், புதிதாகப் பிறந்த பேரனுக்கு. அடுத்து நான். தட்டை வாங்கிய குருக்கள் இளைஞர், ஊருக்குப் புதியவர்.

"ஆருக்கு ஐயா?"

"மகனுக்கு."

"பேர்?"

"பிரதீபன்."

"நட்சத்திரம்?"

"உத்தரட்டாதி."

முந்தின நாள் கல்லில் பதித்த அதே பெயர். ஒரு நாள்கூட ஆகவில்லை. என் குரலில் நடுக்கம் எதுவும் இல்லை என்பதைக் குறித்துக்கொண்டேன். குருக்கள் உள்ளே போனார். மந்திரத்துக்கு நடுவே பெயர் கேட்டது. திரும்பி வந்து விபூதியைத் தந்தவர், என் முகத்தில் எதைக் கண்டாரோ, தணிந்த குரலில் சொன்னார்.

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ ஐயா. இனி அவருக்கு ஒரு குறையும் வராது."

கோயில்களில் எனக்குச் சொல்லப்பட்ட எந்த வாக்கையும் நான் இவ்வளவு முழுமையாக நம்பியதில்லை.